தும்பைப்பட்டியின் குடும்பஸ்தர்

மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில் மேலூரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் தும்பைப்பட்டி என்னும் கிராமம் வரும். சாலையில் விரைந்து செல்லும் பஸ்களும் லாரிகளும் அங்கே நின்று போவதற்கு விசேஷ காரணம் ஏதுமில்லை. ஆயினும், அரசியலில் ஈடுபட்டோர் ஒவ்வொருவரும், அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், வாழ்நாளில் ஒரு தடவையாவது அவ்வூரில் இறங்கி நிற்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தியாகி பூ. கக்கன் அவர்கள் 1908-ஆம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி பிறந்தது அந்தக் கிராமத்தில்தான்.

கக்கன் என்ற பெயரை எடுத்தவுடன் தமிழ் நாட்டில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பத்து வருஷ காலம் மந்திரியாக இருந்தவர். பதவி போனபின் டவுன் பஸ்ஸுக்காகத் தெருவில் காத்து நின்றார். கடைசிக் காலத்தில் மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் சாதாரண நோயாளிகளோடு நோயாளியாகக் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதல் மந்திரி எம்.ஜி.ஆர். அவரை அங்கே கண்டு திடுக்கிட்டு, தக்க சிகிச்சைக்கும் உதவித் தொகைக்கும் ஏற்பாடு செய்தார் என்பது அக்கதை. நாமும் அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். அந்த ஆஸ்பத்திரிக் கட்டம் வரும்போது குரலைத் தாழ்த்தி, சபையிலுள்ளோர் கண்ணைத் துடைக்கும்படி செய்து, பிறகு கரகோஷத்தையும் பெற்றுக்கொண்டு இறங்கியிருக்கிறோம். பிரசங்கம் செய்து பழகிய வக்கீலுக்கு இது பெரிய காரியமன்று.

சில வருஷங்களுக்கு முன், காந்தி ஜயந்தியை ஒட்டி மேலூரில் நடந்த ஒரு கூட்டத்திலும் அவ்விதமே பேசினோம். கூட்டம் கலைந்தபின், தோளில் துண்டு போட்ட ஒரு முதியவர் மெதுவாக அருகில் வந்தார். "வக்கீலய்யா, நல்லாப் பேசுனீக. ஆனா ஒண்ணு. அவரு பெஞ்சாதி பிள்ளைக அன்னிக்கு என்ன சாப்பிட்டுச்சுகன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. மறுநாட் காலையில் அவரையே துணையாக அழைத்துக்கொண்டு தும்பைப்பட்டிக்குச் சென்றோம். இக்கட்டுரை அன்று முதல் நமது மனத்தில் இருந்து வருவது.

கக்கனுடைய தகப்பனார் கிராமக் கோயிலில் பூசாரி. இச்சிறு விஷயத்தை வாசகர்கள் சற்று மனத்தில் இருத்த வேண்டும். தெய்வத்துக்கு விளக்கேற்றும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை அவர். ஆனால் மதுரை நகரின் நடுவே கோபுரங்கள் ஓங்கி நிற்கும் மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்தின் வாயிலுக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. சட்டமும் வழக்கமும் அப்படிச் சொல்லின. கிராமத் தேவதைக்கு முன் நின்று பூசை செய்யத் தகுதியுடைய கை, பெரிய கோயிலின் மதிற்சுவரைத் தொட்டால் தீட்டு!

மேலூரிலும் திருமங்கலத்திலும் படித்த பின், கக்கன் மதுரை வக்கீல் ஏ. வைத்தியநாதய்யரை வந்தடைந்தார். அய்யரைப் பற்றி நமது தொழிலில் உள்ளோர் இன்னும் பெருமையோடு பேசிக்கொள்வதுண்டு. வருமானம் மிகுந்த வக்கீல் தொழிலைத் தேசத்துக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் அடுத்தபடியாக வைத்தவர் அவர். அவரிடம் கக்கன் தொண்டராகச் சேர்ந்து, நாளடைவில் பிள்ளைபோல் ஆனார். 1955-ஆம் வருஷம் அய்யர் காலமானபோது, பெற்ற மக்களோடு கக்கனும் தலையை முண்டனம் செய்துகொண்டு கிரியைகளில் நின்றார் என்று மதுரையில் சொல்லுவார்கள். அப்போது அவர் பார்லிமெண்டு அங்கத்தினர்.

இவ்விருவரும் சேர்ந்து செய்த காரியம் 1939-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி நடந்தது. வைத்தியநாதய்யர் முன் செல்ல, கக்கன் உள்ளிட்ட சிலர் மீனாட்சி ஆலயத்துள் புகுந்தனர். ஆலய நிர்வாக அதிகாரியாயிருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை. பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்து விலகினர். ஊர் இரண்டு பட்டது. திருவிதாங்கூரில் 1936-ஆம் வருஷமே மகாராஜாவின் பிரகடனத்தால் கோயில்கள் திறக்கப்பட்டுவிட்டன. அங்கே அரசர் கையெழுத்திட்டார்; ஆலயம் திறந்தது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மதுரையிலோ அவ்வாறு கையெழுத்திட அரசர் எவருமில்லை. ஆகவே ஜனங்களே முதலில் நடந்தார்கள்.

சட்டம் பின்னால் ஓடி வந்தது. இதை வக்கீல் என்ற முறையில் சற்று விவரிக்க விரும்புகிறோம். ஏனெனில் பலர் இதைத் தலைகீழாகச் சொல்லி வருகிறார்கள். ராஜாஜியின் மந்திரிசபை சட்டம் செய்தது, அதன்படி கக்கன் உள்ளே போனார் என்று எழுதுகிறார்கள். அப்படியன்று. பிரவேசம் நடந்தது ஜூலை 8-ந் தேதி. அதற்குப் பின்தான் கவர்னரின் அவசரச் சட்டம் பிறந்தது. அதற்கும் பின்னர் 1939-ஆம் வருஷத்து 22-ஆம் சென்னைச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே, ஆலயப் பிரவேசத்துக்கு அதிகாரம் அளிப்பதோடு, நடந்துவிட்ட காரியத்துக்குப் பாதுகாப்பு அளிப்பதும் சேர்ந்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகக் கதவைத் திறந்துவிட்ட அதிகாரிகளின் மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி காப்பதே அதன் நோக்கங்களில் ஒன்று. அதாவது, வைத்தியநாதய்யரும் கக்கனும் அந்த வாயிலைத் தாண்டியபோது அவர்களுக்கு முன்னால் சட்டம் எதுவும் இல்லை. மனச்சாட்சி ஒன்றே துணை. தாண்டியபின், அய்யர் தம் வீட்டுக்குத் திரும்பினால் அக்கிரகாரத்து ஏச்சு. கக்கன் தம் ஊருக்குத் திரும்பினால் அதைவிடக் கடுமையானது எதுவும் நேரலாம். இரண்டு துணிவும் ஒன்றல்ல.

1946-இல் காந்தியடிகள் அந்த ஆலயத்துள் சென்று வணங்கியதை நாடு முழுதும் அறியும். ஏழு வருஷத்துக்கு முன் கக்கன் நடந்த வழி அது.

இடையில் 1942 வந்தது. ஆகஸ்டுப் போராட்டத்தில் கக்கன் சிறை புகுந்தார். சிறை சென்றோரைப் பற்றிப் பேசும்போது நாம் அவரவர் அடைந்த கஷ்டங்களை எண்ணிக் கணக்கிடுகிறோம். வெளியே இருந்தவர்களின் கஷ்டம் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. சொத்துள்ள வீட்டில் தலைவர் சிறை சென்றால் குத்தகை நெல் வந்துகொண்டிருக்கும். தமையனோ மைத்துனனோ பார்த்துக்கொள்வான். நிலமற்ற வீட்டில் ஆண்மகன் சிறை சென்றால் அன்று மாலையே அடுப்புப் பிரச்சினை தொடங்கிவிடும். முதியவர் மேலூர்க் கூட்டத்தில் நம்மைக் கேட்ட கேள்வி இந்த இடத்திலிருந்துதான் எழுந்தது.

சிறையிலிருந்து வெளிவந்தவரை 1946-இல் அரசியல் நிர்ணய சபை அழைத்தது. இந்தியாவின் சட்டப் பண்டிதர்களும், சமஸ்தானத்துத் திவான்களும், ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர்களும் அமர்ந்திருந்த சபை அது. அங்கே 1948-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி தீண்டாமையை ஒழிக்கும் ஷரத்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. சபை ஆரவாரித்தது. மறுநாள், நவம்பர் 30-ந் தேதி, சர்க்கார் உத்தியோகங்களைப் பற்றிய ஷரத்து விவாதத்துக்கு வந்தபோது கக்கன் எழுந்து சிறிது பேசினார். ஏழை ஹரிஜன மனுதாரருக்கு உத்தியோகம் கிடைப்பதில்லை, மேலதிகாரிகள் தம்மவரையே தேர்ந்தெடுக்கிறார்கள், பதவி உயர்விலும் நியாயமில்லை, தகுதி என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் எம்மவர் முன்னுக்கு வரவே முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். முந்திய நாள் கிடைத்த வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தோர் நடுவே, அவர் சோற்றுக்கு வழியென்ன என்று கேட்டார். தீண்டாமை போயிற்று என்று காகிதத்தில் எழுதியாயிற்று. இனி அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் வருமா என்பது அவர் கேள்வி. குடும்பஸ்தருடைய கேள்வி என்றே அதைச் சொல்ல வேண்டும். நீண்ட பிரசங்கங்கள் பல அந்தச் சபையின் ஏடுகளில் உறங்குகின்றன. இச்சிறு பேச்சோ, இட ஒதுக்கீட்டைப் பற்றி இந்நாளில் நடக்கும் ஒவ்வொரு தர்க்கத்துக்கும் பொருந்துவதாக இருக்கிறது.

அதற்குப் பின் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1952-இல் மதுரைத் தொகுதியிலிருந்து லோக் சபைக்குச் சென்றார். காமராஜர் முதல் மந்திரியானபின் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமை இவரிடம் வந்தது. 1957-இல் மேலூரிலிருந்தே சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மந்திரியானார். முதலில் பொதுப்பணி, 1962-இல் விவசாயம், காமராஜர் விலகி பக்தவத்சலம் தலைமையேற்ற 1963 அக்டோபர் முதல் உள்துறை.

இவற்றுள் பொதுப்பணி இலாகாவைப் பற்றிச் சொல்லாமல் மேலூரைப் பற்றி எழுத முடியாது. மேலூர்ச் சீமையின் தலையெழுத்து பெரியாற்று நீரில் எழுதப்பட்டிருக்கிறது. 1895-இல் பென்னிகுவிக் துரை மலையின் மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய நாள் முதல், பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே வரும் நீரே இங்கு வயலை நனைக்கிறது. கள்ளந்திரி வரையில் இருபோகம். அதற்கப்பால் மேலூர்ப் பகுதி ஒருபோகம். சர்க்கார் உத்தரவுகளில் காணும் கணக்குப்படி இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர், மேலூர் ஒருபோகம் 85,563 ஏக்கர். நிலம் இங்கே அதிகம். நீரோ முதலில் அங்கே. அணையில் இருப்பைப் பார்த்தபின்னரே மேலூருக்குத் திறப்பார்கள். கடைமடைக்காரன் என்ற சொல்லின் பொருளை மேலூர் விவசாயிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வரும் வெள்ளத்தைத் தேக்கி வைக்க வைகையின் குறுக்கே ஆண்டிபட்டி அருகில் கட்டிய அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. 71 அடி நீர் தேங்கும் அந்த அணை கட்டி முடிந்தபோது பொதுப்பணி மந்திரியாக இருந்தவர் இந்தக் கடைமடைப் பிரதேசத்தில் பிறந்த கக்கன். அணையை அவர் ஒருவரே கட்டினார் என்று சொல்வது மிகையாகும். திட்டம் அவருக்கு முன்னரே தொடங்கியது, இஞ்சினீயர்களும் கூலியாட்களும் கட்டினார்கள். ஆனால் ஊர்க் கிணற்றில் தன் ஜனங்களுக்கு வாளி இறக்க உரிமையில்லாத காலத்தில் வளர்ந்த ஒருவர், மாகாணத்து நீர் அனைத்துக்கும் பொறுப்பாளியாக அமர்ந்து கையெழுத்திட்டார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது நமக்குச் சிலிர்க்கத்தான் செய்கிறது.

உள்துறை மந்திரிப் பதவியைப் பற்றி நாம் வேறு விதமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. 1965-ஆம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் போலீஸார் மாணவர்களையும் பொதுமக்களையும் சுட்டனர். ராணுவமும் வந்தது. உயிர்கள் பல மாண்டன. போலீஸ் இலாகா அப்போது கக்கன் கையில் இருந்தது. அந்தச் சமயத்தில் டில்லியில் செய்த முடிவுகளுக்கும் சென்னையில் முதல் மந்திரி செய்த முடிவுகளுக்கும் இவர் எவ்வளவு பொறுப்பு என்று வாதிக்கலாம். முற்றும் பொறுப்பில்லை என்று மட்டும் வாதிக்க முடியாது. கக்கனைப் போற்றுவோர் இந்த அத்தியாயத்தைப் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். உத்தமரைக் குறையற்றவராகக் காட்டினாலன்றி வணங்க முடியாது என்பது நமது நாட்டின் பழைய வியாதி. அந்த வருஷத்துக் கோபம் 1967 தேர்தலில் வெளிப்பட்டது. சொந்த மண்ணாகிய மேலூர் தெற்குத் தொகுதியில் கக்கன் தி.மு.கழகத்தின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். ஜனங்கள் ஒரு கட்சியை நீக்கினார்கள்; அது அவர்கள் உரிமை. அதில் நமக்கு வருத்தமில்லை.

வருத்தம் அதற்குப் பிந்திய பதினான்கு வருஷங்களைப் பற்றியது.

எளிமையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் காமராஜரையும் கக்கனையும் ஒரே மூச்சில் சொல்லுகிறோம். இருவரும் கை சுத்தமானவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காமராஜர் விவாகம் செய்து கொள்ளாதவர். கக்கனுக்கோ மனைவியும் ஐந்து ஆண் மக்களும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். தனி மனிதன் எளிமையாக வாழ்ந்தால் அவன் வயிறு ஒன்றே சுருங்கும். குடும்பஸ்தன் நேர்மையாக வாழ முற்பட்டால், தன்னைக் கேட்டு அந்த விரதத்தை மேற்கொள்ளாத மனைவியும் மக்களும் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். மந்திரி வீட்டுப் பிள்ளை என்று ஊர் சொல்லும். வீட்டிலோ மந்திரிக்குரிய வசதி எதுவும் சேராது. சிபாரிசுக் கடிதம் ஒன்று போதும் என்று அயலார் யோசனை சொல்லும்போது, தகப்பனார் அந்தக் கடிதத்தை எழுதமாட்டார் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அந்த வீட்டின் உள்ளே அந்நாட்களில் என்ன பேச்சு நடந்தது என்பது நமக்குரிய விஷயமன்று. ஆனால் தியாகி என்ற பட்டம் ஒருவருக்கு மட்டும் கிடைத்தது; தியாகம் செய்தவர்கள் எட்டுப் பேர்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் தலைவர்களில் பலர் செல்வத்தில் பிறந்து எளிமைக்கு இறங்கி வந்தவர்கள். மதுரையில்தான் 1921-இல் காந்தியடிகள் மேலாடையைக் களைந்து முழத்துண்டை உடுத்தினார். அது மகா தியாகம். களைவதற்கு ஆடை இருந்தது. ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை கதர் கட்டினால், பின்னால் அவருடைய வயலும் வீடும் இருந்தே தீரும்; பதவி போனால் அங்கே போய்ச் சாய்ந்துகொள்ளலாம். கக்கனுக்குச் சாய்வதற்குச் சுவர் இல்லை. அவர் லஞ்சம் வாங்காமல் இருந்ததன் பலன், குடும்பம் எங்கிருந்து புறப்பட்டதோ அந்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றதுதான். ஒரே நேர்மைக்கு ஒருவர் கொடுக்கும் விலை ஒரு ரூபாய் என்றால், மற்றொருவர் கொடுப்பது இருப்பது முழுவதும். இவ்விரண்டையும் எளிமை என்ற ஒரே சொல்லால் நாம் அழைத்து வருவது நியாயமா?

ஆஸ்பத்திரிக் கதைக்கு மீண்டும் வருவோம். அந்தக் கதையைக் கேட்டு மெய்சிலிர்க்கும் நாம், அது கக்கனுடைய பெருமையைக் காட்டுகிறது என்று எண்ணிக்கொள்கிறோம். அவருடைய பெருமைக்கு அந்தக் கட்டில் தேவையில்லை. 1939 ஜூலையே போதும். கதை காட்டுவது நம்மைத்தான். அவர் மந்திரிப் பதவியிலிருந்து இறங்கியபோதும், முதுமை அடைந்தபோதும், நோயுற்றபோதும் அவருடைய கட்சிக்காரர் எங்கே இருந்தார்கள்? அவரால் வாழ்வு பெற்றவர் எங்கே இருந்தார்கள்? தற்செயலாக ஒரு முதல் மந்திரி, அதுவும் மாற்றுக் கட்சிக்காரர், அந்த வழியே வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மூத்த தொண்டர் ஒருவர் நோயில் விழுந்தால் அவரைத் தேடிப்போய்ப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று எந்தக் கட்சியிலாவது இன்று உண்டா? மறைந்தபின் மாலை வாங்குவதற்கு மட்டும் நிதி எப்படியோ கிடைத்துவிடுகிறது. இதை எழுதும் நாமும் மாலை வாங்கிய கூட்டத்தில் இருந்தவர்களே.

1981-ஆம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி கக்கன் காலமானார். 1999-இல் இந்திய சர்க்கார் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் தமிழக சர்க்கார் மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது.

அந்த மண்டபத்தின் முன்னால்தான் அன்று காலையில் முதியவரோடு நின்றோம். அவர் உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பினார். 1967-இல் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டோம், கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் தயங்காமல், "உதயசூரியனுக்குத்தான் போட்டேன், ஐயா. அரிசி கிடைக்காத வருசம்ல அது" என்றார். பிறகு, நாம் கேட்காமலே, "பஸ்ஸுல ஒருக்க அவரைப் பாத்தேன். எந்திரிச்சு எடம் குடுத்தேன். வேணாம்யா, நீயும் களைச்சுப்போய்த்தான வர்றேன்னு சொல்லிட்டாரு" என்றார்.

மேலும் சில விவரங்களைக் கேட்க வேண்டுமென்று குறிப்புப் புத்தகத்தை எடுத்தோம். முதியவர் வெயிலைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கால்வாயில் நேற்றுத்தான் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், தம் வயலுக்கு முறை வருவதற்குள் போய் வரப்பை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்மடைக்காரன் விடமாட்டான் என்று சொல்லிவிட்டு, மேலூர் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.